அரைக் கிலோ இடம்

2024 நவம்பர் எட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை. கீழக்கரையில் ஜும்ஆ தொழுகை முடிந்த நேரத்தில் அஸ்பியாவின் பெட்டி ஆறரைக் கிலோ இருந்தது. விமானத்தில் கைப்பெட்டிக்கு ஏழு கிலோ வரைதான் அனுமதி.

"இதுல உன் சேலை எங்க புள்ள?" என்றார் அவளுடைய அண்ணன் ஜாபர் சாதிக், எடைக் கொக்கியிலிருந்து பெட்டியைக் கழற்றிக்கொண்டே.

"உடுத்திக்கிட்டுப் போறது ஒண்ணு. உள்ள ஒண்ணு."

"மூணு நாளைக்கா?"

"அலசிப் போட்டா அங்கன ஒரு மணி நேரத்துல காஞ்சிரும் காக்கா. துபாய் வெயிலப் பத்தி நீங்கதான கதை கதையாச் சொல்வீங்க."

அவர் பெட்டியைத் திறந்து பார்த்தார். கருவாடு, மாசி மீன், இடியாப்ப மாவு, யாருக்கோ மூட்டுவலித் தைலம், யாருக்கோ இரண்டு கைலி. அடியில் ஓரமாக அவளுடைய ஒரே சேலை நசுங்கிக் கிடந்தது.

அவருக்கு எரிச்சல் வந்தது. முந்தாநாள் ராமநாதபுரத்தில் பேக் கடைக்கு அவர்தான் கூட்டிப் போயிருந்தார். முப்பது கிலோ தாங்கும் பெட்டி, நாலு சக்கரம், வழுக்கிக்கொண்டு ஓடியது. அவள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இருப்பதிலேயே சின்னதைக் காட்டச் சொன்னாள். "இதுக்கும் சின்னது வேணும்னா டிபன் பாக்ஸுதாம்மா இருக்கு" என்றார் கடைக்காரர். அப்படி ஒரு பெட்டியை வாங்கி வந்து, அன்று சாயங்காலமே தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்: "அடுத்த வாரம் துபாய் போறேன், பார்சல் இருந்தாக் குடுங்க."

"நீ போறது மச்சானைத் தேடி. கருவாடு விக்கவா போற?"

அஸ்பியா சேலையை இன்னும் ஓரமாகத் தள்ளினாள்.

அவள் கணவன் காஜா நவாஸிடமிருந்து நோன்புப் பெருநாளுக்குப் பிறகு போன் இல்லை. பழைய நம்பர் வேலை செய்யவில்லை. துபாயில் தேராப் பகுதியில் இருந்த அறையைக் காலி செய்துவிட்டான். வேலை பார்த்த கடை மூடிக் கிடப்பதாகத் தகவல். வெட்கப்பட்டு ஒதுங்கியிருக்கிறான் என்றார்கள் சிலர். வேறு மாதிரி பேசியவர்களும் உண்டு. கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் மாமியார் காலிதாவின் வீடு. "பெத்தவ எனக்கே ஒரு சொல் வரலியேம்மா" என்று அவரும் பார்க்கும்போதெல்லாம் அழுதார்.

"மூணு நாளுல எங்கன போயித் தேடுவ? துபாய்ன்னா நம்ம நடுத்தெருன்னு நெனச்சியா?"

"தேடுவோம் காக்கா."

"சரி, டிக்கெட்டையாவது காட்டு. எத்தனை மணிக்கு விமானம்?"

"டிராவல்ஸுல இருக்கு."

"ரெண்டு நாளா இதையே சொல்ற."

வாசலில் எதிர்வீட்டு ராத்தா ஊறுகாய்ப் பாட்டிலோடு நின்றாள். அஸ்பியா அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"இதே ஒரு கிலோ வரும் ராத்தா! இன்னும் அரைக் கிலோதான் இடம் இருக்கு. அசர் தொழுகைக்குள்ள பெட்டிய மூடிருவேன். அதுக்குப் பெறகு யாரு வந்தாலும் கிடையாது!"

"சின்ன டப்பால மாத்திட்டு வாரேன், மூடிறாத!" என்று ராத்தா திரும்பி ஓடினாள்.

"எதுக்கு இந்தக் கத்து கத்துற?" என்றார் ஜாபர் சாதிக். "அவங்களுக்குக் காது நல்லாத்தான் கேக்கும்."

அஸ்பியா கொல்லைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்தே அங்கிருந்து தேங்காய்ப்பால் சுண்டும் வாசனை வந்துகொண்டிருந்தது.

ராத்தா வருவதற்குள் கொல்லைக் கதவு திறந்தது. காலிதா முக்காடு நழுவ, வேர்த்து விறுவிறுத்து வந்தார். கையில் துணி சுற்றிய டப்பா.

"இடம் போயிருச்சாம்மா?"

"இருக்கு மாமி. யாருக்கு?"

"நவாஸுக்குத்தான். தொதல் கிண்டினேன். ஒருவேளை அவனைப் பாத்தேன்னா குடும்மா. சின்னப் புள்ளையில இருந்தே இதுன்னா அவனுக்கு உசுரு."

"அவருக்கு இனிப்புன்னா அளவு தெரியாதே மாமி. டப்பாவ ஒரே நாளுல காலி பண்ணிருவாரு."

"பரவாயில்ல, பயப்படாமக் குடு. சீனி பாதிதான் போட்டுருக்கேன். போன மாசந்தான் சுகர் இருக்குன்னு டாக்டரு சொன்னாராம், அதான்..."

காலிதா சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

ஜாபர் சாதிக் பெட்டியிலிருந்து கையை எடுத்தார். அஸ்பியாவின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. டப்பாவை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.

"எங்கன கொண்டுபோயிக் குடுக்கணும் மாமி?"

காலிதா முக்காட்டுத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டார். தெருவில் ஒரு ஆட்டோ வந்து நின்று, கிளம்பிப் போனது.

"அஜ்மான்ல," என்றார் கடைசியில். "மீன் மார்க்கெட்டுக்குப் பின்னாடி ஒரு ரூமுல. வேலை போயிருச்சும்மா. வேற வேலை கிடைக்கிற வரைக்கும் உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான்."

அஸ்பியா தொதலைப் பெட்டியில் வைத்து மூடி, கொக்கியில் மாட்டித் தூக்கினாள். ஏழு கிலோ.

"இப்பப் போயி டிக்கெட் போடுங்க காக்கா," என்றாள். "துபாய்க்கு வேணாம், ஷார்ஜாவுக்குப் போடுங்க. அஜ்மானுக்கு அதுதான் கிட்ட."