சோறு இல்லாத படையல்

படையல் இலையைப் பார்த்ததும் மயிலம்மாளுக்குக் கோபம் தலைக்கேறியது.

இலையில் சோறு இல்லை. அதிரசம் இல்லை. தம்பி தங்கராஜு உயிராய் நினைத்த ஜிலேபி ஒரு துண்டுகூட இல்லை.

ஆட்டுக்கறி வறுவல் இருந்தது. நெத்திலி சம்பால், அவித்த முட்டை, வறுத்த சோயாத் தெம்பே, பெத்தாய்க்காய்ப் பிரட்டல் எல்லாம் இருந்தன. சோறு இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் தேங்காய்ப்பால் மணக்க வெள்ளையாய் ஏதோ குவிந்து கிடந்தது. குனிந்து பார்த்தாள். துருவின காலிஃபிளவர்.

"செத்தவனுக்குமா டயட்டு?" என்றாள், கருமாதிக்கு வந்த கூட்டம் முழுக்கக் கேட்கும்படி.

தம்பி பெண்டாட்டி திலகா தலை நிமிரவில்லை. "அவரு ஆசைப்பட்டது இதுதான் அண்ணி" என்றாள்.

சுத்தப் பொய். தங்கராஜுவை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் மயிலம்மாள். அவன் ஆசை என்ன என்று நேற்று வந்தவளா சொல்லித் தரவேண்டும்?

அவனுக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி, என்று தெரிந்த நாளிலிருந்து திலகா அவனைச் சோற்றுக்கு ஏங்கவிட்டாள் என்பது மயிலம்மாளின் தீராத புகார். லோபாக்கில் இருக்கும் தன் வீட்டிலிருந்து, மம்பாவ் தாண்டி, தம்பி குடியிருந்த இந்தத் தோட்டத்துக்கு அவள் வரும்போதெல்லாம் கையில் ஜிலேபிப் பொட்டலம் இருக்கும். ஒன்று தின்றால் ஒன்றும் ஆகிவிடாது என்பாள். நம் பரம்பரைக்கே இந்த நோய் கிடையாது, எல்லாம் டாக்டர்மார் கிளப்பிவிடுவது என்பாள். தம்பியும் சிரித்துக்கொண்டே தின்பான். திலகா அடுப்படிக்குப் போய்விடுவாள்.

பிறகு அவனுக்குக் கிட்னி போனது. ரத்தம் சுத்தம் செய்ய சிரம்பான் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாய் அலைந்தான். அலைந்து ஓய்ந்து போய்ச் சேர்ந்தான்.

அவன் அப்படி அலைந்துகொண்டிருந்த நாளில்தான் மயிலம்மாளுக்கும் அதே நோய் என்று டாக்டர் சொன்னார். பயத்தைவிட அவளுக்கு வெட்கம்தான் முந்திக்கொண்டது. எந்த முகத்தோடு திலகாவிடம் சொல்வது? பெற்ற பிள்ளைகளிடம்கூட மூச்சு விடவில்லை. சோற்றையும் இனிப்பையும் குறைக்காவிட்டால் பாதத்தில் இருக்கும் புண் ஆறாது, காலையே எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் கண்டிப்பாய்ச் சொல்லியிருந்தார்.

இன்றைக்கு மட்டும் அதையெல்லாம் மறந்துவிடுவது என்று தீர்மானித்துத்தான் வந்திருந்தாள். அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. செத்தவருக்கு ஆசையானதையெல்லாம் படைப்பார்கள். கற்பூரம் காட்டியதும் கூடப்பிறந்தவள் அந்த இலை முன்னால் உட்கார்ந்து மிச்சம் வைக்காமல் சாப்பிட வேண்டும். மிச்சம் வைத்தால் போனவன் பசியோடு போவான் என்பார்கள். தம்பிக்காகத்தானே, கால் போனாலும் போகட்டும் என்று நினைத்திருந்தாள்.

அந்த இலையிலேயே இவள் வஞ்சகம் பண்ணிவிட்டாளே!

பேச்சு வளர்ந்தது. சித்தப்பா தர்மராஜ் சமாதானம் பண்ணப் பார்த்தார். "ஒரு பிடி சோறாவது வைம்மா, சனங்க பார்க்குதுலா" என்றார். பக்கத்து வீட்டுக்காரி சோறு எடுத்துவரக் கிளம்பினாள். திலகா குறுக்கே போய் நின்றாள்.

"இந்த இலையில சோறு வைக்க விடமாட்டேன்."

செத்த பிறகும் அந்த மனுஷனை விடமாட்டேன் என்கிறாளே என்று யாரோ முணுமுணுத்தார்கள். அது திலகா காதிலும் விழுந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

தங்கராஜுவின் மகன் தேவன் கற்பூரம் காட்டினான். மயிலம்மாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இலை முன்னால் உட்கார்ந்தாள். முதல் கவளத்தை மருந்து மாதிரி விழுங்கினாள்.

இரண்டாவது கவளத்தில் கை ஒரு நிமிடம் நின்றது. பாண்டான் இலை வாசம், தேங்காய்ப்பால் ருசி, மேலே சம்பாலின் உறைப்பு. கண்ணை மூடிக்கொண்டால் தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, நாசி லெமாக்கேதான். தெம்பே மொறுமொறுவென்று இருந்தது. பெத்தாய்க்காயில் இறால் போட்டிருந்தார்கள். டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவித்த கீரையைத் தின்று தின்று மரத்துப்போன நாக்கு அவளுக்கு. கோபம் ஒரு பக்கம் இருக்க, கை பாட்டுக்கு இலையை வழித்துக்கொண்டிருந்தது. இந்த ருசி கிடைத்திருந்தால் தம்பி சோற்றுக்கு ஒன்றும் ஏங்கிக் கிடந்திருக்க மாட்டானோ என்று முதல்முறையாய்த் தோன்றியது. உடனே அந்த நினைப்பை உதறினாள்.

பின்பக்கம் கை கழுவப் போனாள். திலகா சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினாள்.

"ருசியாத்தான் சமைச்சிருக்க" என்றாள் மயிலம்மாள். "அதுக்காக? அவனுக்குன்னு ஒரு ஜிலேபி வாங்கி வைக்க உனக்கு மனசு வரலையே. என் தம்பியை ஏமாத்தி அனுப்பிட்டியே திலகா."

திலகா சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள். யாரும் இல்லை. இருந்தாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"போன தீபாவளிக்கு வந்தப்ப நீங்க ஓயாம தண்ணி குடிச்சதையும், காலைத் தாங்கித் தாங்கி நடந்ததையும் பார்த்தே அவரு கண்டுபிடிச்சிட்டாரு அண்ணி. அக்கா மறைக்குது, நாம கேட்டா கூசிப்போயிரும், யார்கிட்டயும் சொல்லாதன்னு சொன்னாரு."

மயிலம்மாள் ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள்.

"படுத்த படுக்கையா இருந்தப்ப, என்னென்ன படைக்கணும்னு ஒவ்வொண்ணா சொல்லி, என்னைச் சமைக்கச் சொல்லி ருசி பார்த்தாரு. ஜிலேபி வேணாமான்னு நானும் கேட்டேன். 'எனக்கு என்ன வச்சா என்ன திலகா, அந்த இலையில சாப்பிடப் போறது அக்காதானே'ன்னாரு."