எருதின் கழுத்துச் சிலுவை

“கழுத்தில் சிலுவை கட்டின எருது மாரியம்மன் தெருவில் ஓடுவதா? ஓடினால் ரத்தம் ஓடும்!”

ஐம்பத்து நாலாம் வருசப் பொங்கல். எருதுவிடும் விழாவுக்கு முதல் நாள், நாகரசம்பட்டிக் கோயில் முன்னால் நின்று மாதப்பன் கத்தினார். பின்னால் முனிவேலும் நாலைந்து இளவட்டங்களும் தடியோடு நின்றார்கள்.

அவர் சொன்ன எருது இன்னாசிமுத்துவுடையது. மூணு வருசமாக, கொம்பில் கட்டின துண்டை ஒருத்தராலும் பறிக்க முடியாமல் எல்லைக்கல்லைத் தாண்டி ஓடி மாலை வாங்குகிறது. மாதப்பன் எருது மூணு வருசமும் பாதித் தெருவிலேயே துண்டைப் பறிகொடுத்தது.

சேதி கேட்டதும் இன்னாசிமுத்துவின் தம்பி அருள்ஜோசப் அரிவாளைத் தேடினான்.

“உட்காருடா” என்றார் இன்னாசிமுத்து.

“நம்ம சாமியைச் சொல்றான்ண்ணா! நாமளும் ஆளைக் கூட்டிக்கிட்டுப் போவோம்.”

“போனா, நாளைக்கு மாலை எருதுக்கு இல்லடா, பொணத்துக்கு.”

அந்த நேரம் கொல்லைப்பக்கமாக வந்து நின்றாள் மாதப்பன் மனைவி சென்னம்மா.

“அண்ணா, அந்தச் சிலுவையைக் கழட்டிடுங்களேன். சண்டை வேணாம்.”

“கழட்டினா வேற ஒண்ணு சொல்வாரும்மா. அது சரி, உங்க வீட்டுக்காரருக்கு இவ்வளவு பக்தி எப்ப வந்துச்சு?”

“பக்தியா! பொங்கல் வைக்கக்கூட கோயிலுக்கு வராத மனுசன். எல்லாம் போன வருசமும் எங்க எருது தோத்ததிலிருந்துதான். சொன்னா வெக்கக்கேடு… உங்க எருதுக்கு என்ன தீனி வைக்கறீங்கன்னு தெரிஞ்சுக்க, அது போட்ட சாணியைக் குச்சியால கிளறிப் பார்த்தாரு அண்ணா.”

அருள்ஜோசப் வாய்விட்டுச் சிரித்தான். இன்னாசிமுத்து சிரிக்கவில்லை.

“சாணியையா? அடப் பாவமே” என்றார்.

மறுநாள் காலையில் எருதைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் பூசி, தனி ஆளாக ஓட்டிக்கொண்டு நேரே மாதப்பன் வாசலுக்குப் போனார். அங்கே நின்ற இளவட்டங்களின் தடிகள் நிமிர்ந்தன.

“மாதப்பா, இந்த வருசம் இவன் உன் வாசல்ல இருந்து, உன் பேர்ல ஓடட்டும். மாலையும் உனக்குத்தான். கயித்தைப் பிடி.”

“எ… எனக்கு எதுக்கு?”

“என்னைத் தவிர, இவனை இவ்வளவு ஆசையாப் பார்க்கறவன் இந்த ஊர்ல நீ ஒருத்தன்தான்.”

மாதப்பன் கை தானாகப் போய்த் திமிலைத் தடவியது. எருது அவர் தோளை முகர்ந்தது. கயிறு கை மாறியது.

முனிவேல் துள்ளிக்கொண்டு முன்னால் வந்தான்.

“நம்ம கிட்டயே கொண்டாந்து கட்டிட்டான் பாத்தீங்களா! இருங்கண்ணே, முதல்ல இந்தச் சிலுவையை அறுத்தெறியறேன்.”

அவன் கத்தி கழுத்துக் கயிற்றில் பட்டதுதான் தாமதம், மாதப்பன் பாய்ந்து அவன் கையைத் தட்டிவிட்டார்.

“எடுடா கையை! அதை அறுத்துட்டு எப்படிடா ஜெயிக்கறது? அதுதான் நம்ம எருதோட ராசி!”