மருந்து படாத வரிசைகள்

“என் கொழுந்தன் புழு வளர்க்கிறார் சார். கேட்க ஆளில்லையா?”

ஓட்டை ஓட்டையாக அரிக்கப்பட்ட முட்டைக்கோஸ் இலையை வேளாண்மை அதிகாரியின் மேஜையில் வைத்தாள் அவள்.

“உட்காருங்கம்மா. எங்க வளர்க்கிறார்?”

“என் வரப்பை ஒட்டி, அவர் வயல்லதான். எட்டு வரிசைக்கு மருந்தே அடிக்கிறதில்லை. நான் வாரம் தவறாம அடிச்சும் புழு நிக்கலை. எல்லாம் அங்கேருந்து வர்றதுதான்.”

“அவர்கிட்ட கேட்டீங்களா?”

“கேட்டேன். ‘இருக்கட்டும் அண்ணி’ன்னு சிரிக்கிறார். அவங்க அண்ணன் போனதிலேருந்து நான் ஒருத்தியா நின்னு பாடுபடறேன்ல, அந்த இளக்காரம்.”

அதிகாரி எழுந்து அவளைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார். ஜன்னலோரம் இரண்டு டப்பாக்கள். இரண்டிலும் மருந்தில் நனைத்த இலைகள்.

“முந்தாநாள் உங்க வயல்ல இருபது புழு எடுத்தேனே, இதுதான் அது. அந்த டப்பாவுல இருக்கிறது உங்க கொழுந்தன் விட்டு வெச்ச வரிசையில எடுத்தது. ரெண்டுக்கும் ஒரே மருந்து.”

குனிந்து பார்த்தாள். கொழுந்தன் டப்பாவில் ஒன்றுகூட அசையவில்லை. அவள் டப்பாவில் ஆறு புழுக்கள் சாவகாசமாக இலையைத் தின்றுகொண்டிருந்தன.

“என் புழுவுக்கு மட்டும் ஏன் உறைக்கலை?”

“அடிக்க அடிக்க, சாகிறது செத்துடும். மருந்தைத் தாங்கறது மட்டும் மிஞ்சும். அதுங்க பூச்சியாகித் தங்களுக்குள்ளேயே ஜோடி சேர்ந்தா, பொறக்கிறதெல்லாம் தாங்கும். அப்புறம் நீங்க டிரம் டிரம்மா ஊத்தினாலும் பிரயோஜனமில்லை.”

“இப்போ ஆறோட நிக்குதே?”

“அந்த எட்டு வரிசையாலதான். அங்க மருந்து படாம வளர்ந்த பூச்சி, உங்க வயல்ல தப்பினதோட சேருது. அதுக்குப் பொறக்கிற புழு மருந்துக்குச் சாகுது. வரிசையை விடச் சொன்னதே நான்தான்.”

அவள் டப்பாவை விட்டு நிமிர்ந்தாள்.

“சரி சார், தெரியாம பேசிட்டேன். ஆனா எட்டு வரிசையைப் புழுவுக்குக் கொடுன்னா அது அநியாயம். அவருக்கும் குடும்பம் இருக்கே.”

“நான் எட்டு கேட்கலைம்மா, ஆளுக்கு நாலுதான் கேட்டேன். ‘அண்ணிக்கு இருக்கிறதே அந்தத் துண்டு நிலம். அவங்க நாலையும் நானே விட்டுடறேன், அவங்ககிட்ட சொல்லிடாதீங்க’ன்னார்.”