யாருக்கும் வேண்டாத புரோகிராம்

"மெஷினைச் சொருகினா கம்ப்யூட்டர்ல பேர் வருது சார். அடுத்த நொடியே காணாமப் போயிடுது!"

போனில் இதைச் சொல்லும்போதே பெயர்ப்பலகைக் கடைக்காரிக்கு அழுகை முட்டியது. இன்று மாலைக்குள் புது ஆஸ்பத்திரியின் அத்தனை அறைகளுக்கும் பலகை செதுக்கிக் கொடுத்தாக வேண்டும். கடை திறந்த பிறகு வந்த முதல் பெரிய ஆர்டர். தவறினால் எதிர்க்கடைக்குப் போய்விடும் என்று ஆஸ்பத்திரி மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். செதுக்கும் மெஷினோ கல்லுளிமங்கனாக உட்கார்ந்திருந்தது.

எல்லாம் அவள் வீட்டுக்காரர் செய்த கைங்கரியம். 'புது வெர்ஷன் போடட்டுமா?' என்று காலையில் கம்ப்யூட்டர் மரியாதையாகக் கேட்டது. அவரும் பெரிய மனசு பண்ணி 'சரி'யை அமுக்கிவிட்டார்.

"பதறாதீங்க மேடம்," என்றார் மெஷின் கம்பெனியின் சர்வீஸ்காரர். அந்தக் குரலிலேயே பாதி பயம் போய்விட்டது. "மெஷினைச் சொருகினதும் கம்ப்யூட்டர் தானாவே ஒரு பேர் வெச்சு, அதுக்குன்னு ஒரு ஃபைலை உண்டாக்கும். அது வழியாத்தான் உங்க சாஃப்ட்வேர் மெஷினோட பேசும். அதை யாரோ தட்டிப் பறிக்கிறாங்க. யாருன்னு கண்டுபிடிப்போம். நான் சொல்றதை டைப் பண்ணி, என்ன வருதுன்னு படிங்க."

"போட்டோ எடுத்து அனுப்பிடவா சார்?"

"வேணாம் மேடம், நீங்களே படிங்க. மெதுவாப் படிங்க."

ஒவ்வொரு வரியாகப் படித்தாள். கடைசி வரியில் ஏதோ ஒரு புரோகிராமின் பெயர். வாயில் நுழையவில்லை. எழுத்து எழுத்தாகச் சொன்னாள்.

அவர் சிரித்துவிட்டார். "ஆளு மாட்டிக்கிச்சு! அது வேற ஒரு கருவிக்கான புரோகிராம் மேடம். புது வெர்ஷனோட தானா வந்திருக்கும். அந்தக் கருவியில இருக்கிற சிப்பும் உங்க மெஷின்ல இருக்கிற சிப்பும் ஒண்ணுதான். அதனால உங்க மெஷினைத் தன்னோட ஆளுன்னு நெனச்சு இழுத்து வெச்சுக்குது."

"அந்த மாதிரி கருவியே எங்ககிட்ட இல்லையே சார்!"

பக்கத்தில் நின்ற கணவர் தன் செல்போனை அவள் மூக்குக்கு நேரே நீட்டினார். "இங்க பாரு. இன்டர்நெட்ல அத்தனை பேரும் சொல்றான், யாருக்கும் வேண்டாத புரோகிராம், தூக்கிடுன்னு. ஒரே ஒரு வரி!"

அது போனில் கேட்டுவிட்டது போலும். "தூக்க வேணாம் மேடம்." அதுவரை இல்லாத ஒரு கெஞ்சல் அந்தக் குரலில் வந்தது. "உங்க மெஷினை மட்டும் தொடாதேன்னு அதுக்கு ஒரு ரூல் எழுதிடலாம். கொஞ்சம் நீளம்தான். எனக்காக எழுதுங்களேன்."

எழுதினாள். எங்கோ ஓர் எழுத்து தப்பு. மறுபடி எழுதினாள். இந்தத் தடவை ஒரு மேற்கோள் குறி காலை வாரியது. கணவர் பொறுமையிழந்து கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். அவள் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அவர் இழுக்க மாட்டாரா என்றுதான் அவளும் காத்திருந்தாள். இன்டர்நெட்டில் சொன்ன அந்த ஒரே வரியை அவர் தட்டினார்.

மெஷினைச் சொருகினார்கள். பெயர் வந்தது, வந்தது அப்படியே நின்றது. மெஷின் உறுமிக்கொண்டு எழுந்தது.

"வந்துடுச்சு சார்! உயிரே வந்துடுச்சு!"

"ரூல் சரியா உக்காந்துச்சா மேடம்?"

அவள் கணவரைப் பார்த்தாள். "ஆ... ஆமா சார்."

"ரொம்ப ரொம்ப நன்றி மேடம்!"

உதவி செய்தவரே எதற்கு நன்றி சொல்கிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை. விசாரிக்க நேரமும் இல்லை.

பலகைகள் இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்தன. அடுத்த கட்டடத்துக்கும் நீங்கள்தான் என்று மேனேஜர் சொன்னபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. யார் பெத்த புள்ளையோ, நூறு வருஷம் நல்லா இருக்கணும் என்று சர்வீஸ்காரரை மனசார வாழ்த்தினாள். அவருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். நாளைக்கு உங்கள் பக்கம் வருகிறேன், கடையையும் எட்டிப் பார்க்கிறேன் என்றார்.

மறுநாள் அவள் கடையின் பின்னறையில் டீ ஊற்றிக்கொண்டிருந்தபோது முன்பக்கம் அந்தக் குரல் கேட்டது. டம்ளரோடு ஓடிவந்தாள். சர்வீஸ்காரர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். கணவர் ஏனோ அவரையும் கம்ப்யூட்டரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சார்! நீங்க மட்டும் இல்லேன்னா நேத்து எங்க மானம் கப்பலேறியிருக்கும். இந்த உதவியை உசுருள்ளவரைக்கும் மறக்க மாட்டோம்!"

"நான்தான் மேடம் உங்களுக்கு நன்றி சொல்லணும்," என்றார் அவர். "இதே பிரச்சினைக்கு எத்தனையோ பேர் போன் பண்றாங்க. எவ்வளவு சொன்னாலும் கேக்காம அந்த புரோகிராமைத் தூக்கிடறாங்க. விட்டு வெச்சது நீங்க ஒருத்தர்தான். அதை நேர்ல சொல்லத்தான் வந்தேன். அப்படியே நீங்க எழுதின ரூலையும் பாத்துடறேன்."

பையிலிருந்து பட்டையான ஒரு கருவியை எடுத்து அவளுடைய கம்ப்யூட்டரில் சொருகினார். அதன் விளிம்பில் பொடிப்பொடியாகத் துளைகள் வரிசை கட்டியிருந்தன. அவற்றின் மேல் பத்து விரல்களையும் வைத்தார்.

நேற்றே அவர்கள் தூக்கி எறிந்துவிட்ட அந்த புரோகிராம், அந்தத் துளைகளில் பிரெயில் புள்ளிகளை எழுப்பி, திரையில் இருப்பதை விரல்களுக்குப் படித்துச் சொல்லும் என்று, பார்வையில்லாத அந்த மனிதர் சிரித்த முகத்தோடு காத்திருந்தார்.