சொதப்பி

வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததுமே அவள் லேப்டாப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

“அவங்க நடிகருங்கடி,” என்றாள் அக்கா, உதட்டை அசைக்காமல். “நிஜப் போலீஸ் இனிமேதான் வரும். வா.”

அக்கா இந்த டிவி தொடர் கம்பெனியில் எடிட்டிங் உதவியாளர். அப்பா படுத்த படுக்கையானதிலிருந்து அவள் சம்பளத்தில்தான் வீடும் ஓடியது, தங்கையின் கம்ப்யூட்டர் படிப்பும் ஓடியது. கதையைப் பற்றி வெளியே மூச்சு விட மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துச் சேர்ந்த வேலை. மீறினால் வேலை போவதோடு நிற்காது, கோர்ட்டுக்கும் இழுப்பார்கள்.

உள்ளே நீள மேசை. அந்தப் பக்கம் தயாரிப்பாளர் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் டைரக்டர் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். பின்னால் சுவரில் எபிசோட் வாரியாக மஞ்சள் சீட்டுகள் ஒட்டியிருந்தன, கடைசி எபிசோடின் கீழே மட்டும் ஒன்றுகூட இல்லை.

“உக்காரும்மா,” என்றார் தயாரிப்பாளர். அந்த மரியாதையே அவளை இன்னும் பயமுறுத்தியது. “டிவியில வர்றதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே எங்க கதை உன் இணையப் பக்கத்துல வந்துடுது. யாரு குடுத்தா?”

“யாரும் குடுக்கல சார். என் புரோகிராம்தான் சொல்லுது.” லேப்டாப் பையைத் தொட்டுக் காட்டினாள்.

“என்ன புரோகிராம்?”

“சும்மா பொழுதுபோகாம எழுதினது சார். பேரு... சொதப்பி.”

அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

பொழுதுபோகாமல் என்பது பொய். ஆத்திரத்தில் எழுதியது அது. அவளுக்குப் பிடித்த நாவல்களை ஒவ்வொன்றாகப் படமாக்கிப் பாழாக்கிக்கொண்டிருந்தார்கள்; இந்தத் தொடரும் அப்படியொரு நாவல்தான். எந்த அழகுக்காக ஒரு நாவலை வாங்குகிறார்களோ அதைத்தான் இவர்கள் முதலில் வெட்டி எறிவார்கள் என்பது அவள் கட்சி. நாவலையும் டைரக்டரின் பழைய படங்களின் வசனங்களையும் உள்ளே கொடுத்துவிட்டால், மனிதர் இதை எப்படிச் சொதப்புவார் என்று சொதப்பி எபிசோட் எபிசோடாக எழுதிக் கொடுக்கும்.

“முதல் ரெண்டு எபிசோடுக்கு அது சொன்னது தப்பு சார். அப்புறம்தான் அப்படியே வர ஆரம்பிச்சது. நல்லாக் கத்துக்கிச்சு போலன்னு நினைச்சேன்.”

“அப்படியேன்னா, இதுகூடவா?” தயாரிப்பாளர் ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். “மூணாவது எபிசோட்ல செத்துப்போன படகோட்டி, அஞ்சாவதுல டீக்கடையில உக்காந்து டீ குடிக்கிறான். ஊரே எங்களப் பார்த்துச் சிரிச்சுது. இந்தக் கூத்தையும் உன் புரோகிராம்தான் சொல்லுச்சா?”

“அது என் புரோகிராம்ல இருந்த தப்பு சார். யாரு செத்தாங்க, யாரு இருக்காங்கன்னு அதுக்கு ஞாபகம் வெச்சுக்கத் தெரியல. சரிபண்ணணும்னு நினைச்சிட்டே இருந்தேன். பார்த்தா, டிவியிலயும் அவரு டீ குடிச்சாரு.”

டைரக்டருக்குப் புரையேறியது. தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தார்.

“என்னைப் பார்த்தா கேனையன் மாதிரி இருக்கா?” தயாரிப்பாளர் மேசையைத் தட்டிவிட்டு அக்காவின் பக்கம் திரும்பினார். “எடிட்டிங் ரூம்ல இருக்கறது நீ. வீட்ல இருக்கறது உன் தங்கச்சி. இதுக்கு மேல எனக்கு என்ன சாட்சி வேணும்?”

“சத்தியமா வீட்ல ஒரு வார்த்தை பேசினதில்ல சார்...”

“அத வக்கீல்கிட்ட சொல்லிக்கோ. நாளையிலேருந்து வராத.”

அக்கா அழவில்லை. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை மெதுவாகக் கழற்ற ஆரம்பித்தாள். அதைப் பார்த்ததும்தான் சின்னவளுக்கு உறைத்தது. சினிமாக்காரர்களைக் கிண்டலடித்து நாலு பேரிடம் கைதட்டு வாங்கிய ஆசை, அக்காவின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டதே.

“கடைசி எபிசோட்?” டைரக்டர் முதல் தடவையாக வாயைத் திறந்தார். “அதையும் போட்டுட்டியா?”

“இல்ல சார். நேத்துதான் எழுதி முடிச்சுது. இதுக்குள்ளதான் இருக்கு.” அவள் அவசர அவசரமாக லேப்டாப்பைத் திறந்தாள். பாஸ்வேர்டு இரண்டு தடவை தப்பாகப் போனது.

“சார், அக்காவ விட்டுடுங்க. உங்க கண்ணு முன்னாடியே எல்லாத்தையும் அழிச்சிடறேன். வேற எங்கயும் நான் எடுத்து வெக்கல. சொதப்பியே இருக்காது சார், இனிமே உங்க தொடரப் பத்தி நல்லதுகூட சொல்ல மாட்டேன்.”

‘நிச்சயமாக அழிக்கவா?’ என்று திரை கேட்டது.

தயாரிப்பாளர் தலையசைத்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பொத்தானில் விரலை வைத்தாள்.

நாற்காலி ஒன்று தடாலென்று கவிழ்ந்தது. மேசையின் மேல் பாய்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார் டைரக்டர்.

“ஐயோ, அழிச்சிடாதேம்மா! அப்புறம் கடைசி எபிசோடை நாங்க எதைப் பார்த்து எழுதுறது?”