மூடிய வாய்

சளசளவென்று சோறு கொதிப்பதுபோல் ஒரு சத்தம். தூண்டில் நூலில் கட்டிய ரப்பர் தவளைக்கு அது என்னவென்று தெரியும். விரால் குஞ்சுகள் மூச்செடுக்க மேலே வருகின்றன. கீழே தாய் காவல் நிற்கும்.

தவளை அவற்றின் நடுவே போய் விழுந்தது. இரண்டு துள்ளு துள்ளிவிட்டு அசையாமல் நின்றது. இனித் தாய்க்குக் கோபம் வந்து கவ்வ வேண்டியதுதான். கவ்வினால் ரப்பர் அமுங்கி, முதுகோடு ஒட்டிக்கிடக்கும் முள் நிமிரும். இதுவரை ஒரு தாயும் தப்பியதில்லை.

"என்ன அக்கா, பிள்ளைகளை முழுங்கட்டுமா?"

விரால் சீறிக்கொண்டு வந்தது. ஆனால் பல் படவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு மூக்கால் ஒரே முட்டு. தவளை பறந்துபோய் அல்லி இலைமேல் மல்லாந்தது.

"ரோஷமே கிடையாதா உனக்கு?"

"ஏன் இல்லாம? உன்னைக் குதறிப்போடணும்னுதான் வாய் துடிக்குது. கடிச்சு நான் கரைக்குப் போயிட்டா, இதுகளை நீயாடா வளர்ப்பே?"

நூல் இழுக்க, தவளை முள் நிமிராமலே கரைக்குப் போனது. எத்தனையோ குளம் பார்த்தும் இப்படி ஒருத்தியைப் பார்த்ததில்லையே என்று திரும்பித் திரும்பிப் பார்த்தது.

விரால் அதைக் கவனிக்கவில்லை. கலைந்துபோன குஞ்சுகளை ஓரத்திலிருந்து ஒதுக்கிச் சேர்த்துக்கொண்டிருந்தது.