மூடியில் ஒட்டிய பெயர்

"தண்ணியில போட்டதும் ஊதா நிறத்துல தீப்பிடிச்சு வெடிச்சுது. அது சோடியமே இல்ல சார், பொட்டாசியம்!"

தலைமையாசிரியர் அறையில் நான் கத்தினேன். முதல் பெஞ்சு மாணவி கண்ணில் கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

"ரெண்டுக்கும் அவ்வளவு வித்தியாசமா டீச்சர்?"

"ஒரே குடும்பம்தான் சார். ஆனா தனிம அட்டவணையில கீழ போகப் போக வேகம் ஏறும். அண்ணன் சோடியம் சீறிக்கிட்டு ஓடுவான். தம்பி பொட்டாசியத்துக்கு மூக்குக்கு மேல கோபம்."

ஆய்வக உதவியாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "மூடியில சோடியம்னு இருந்துச்சு சார், அதைத்தான் எடுத்துக் குடுத்தேன். ரெண்டையும் மண்ணெண்ணெய்க்குள்ளதான் போட்டு வைப்போம். பாட்டில்ல ஒட்டினா அது பட்டு உரிஞ்சு போகுதுன்னு, பேரை மூடியிலதான் ஒட்டுவோம்."

"அப்போ மூடியை மாத்திப் போட்டது யாரு? அலமாரி சாவி உங்ககிட்டதானே இருக்கு?" என்றார் தலைமையாசிரியர்.

உதவியாளர் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "ஆமா சார்."

"அந்தப் பொண்ணுக்குக் கண்ணு போனா யாரு பதில் சொல்றது?" நான் விடவில்லை.

"நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம்" என்றார் தலைமையாசிரியர் உதவியாளரிடம். இருபது வருட வேலை பத்தே நிமிடத்தில் போயிற்று.

வராந்தாவில் உதவியாளர் சாவியை என் கையில் வைத்தார்.

"வெள்ளிக்கிழமை சாவியை உங்ககிட்ட குடுத்துட்டுத்தான் லீவுல போனேன். மண்ணெண்ணெய் ஊத்த ரெண்டு பாட்டிலையும் திறந்தது நீங்க. நீங்களே சொல்லிடுவீங்கன்னு கடைசி வரைக்கும் காத்துக்கிட்டு நின்னேன் டீச்சர்."

ஊதாத் தீ எழுந்த அந்த நொடியே எனக்கும் அது தெரியும்.